தொட்டியில் இருக்கிற குளோரின் தெருக்கோடிக் குழாயில் ஏன் இல்லை?

முதலில் பிளீச்சிங் பவுடரைப் பாருங்க. ஊராட்சிகளில் 1,000 லிட்டருக்கு 4 கிராம், அதாவது 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம் என்று போடுகிறார்கள். பவுடரில் 25 சதவீதம் குளோரின் இருந்தால்தான் இந்தக் கணக்கில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் கிடைக்கும். பிரித்த மூட்டை மோட்டார் ரூம் வெக்கையில் கிடந்து கட்டிதட்டி, நெடியும் போயிருந்தால் தொட்டிக்குள் போவது பெரும்பாலும் சுண்ணாம்புதான்.

பவுடரை அப்படியே கொட்டவும் கூடாது. பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் குழைத்து, வாளி நிறையத் தண்ணீர் சேர்த்துக் கலக்கி, தெளிந்த பிறகு மேல் தண்ணீரை மட்டும் ஊற்றணும். தொட்டிக்குத் தண்ணீர் ஏறும்போதே ஊற்றினால் நன்றாகக் கலக்கும். அரை மணி நேரம் கழித்துத்தான் தெருவுக்குத் தண்ணீர் விடும் கேட்வால்வைத் திறக்கணும்.

---

அண்ணே, எல்லாத் தண்ணீருக்கும் 4 கிராம் போதாது. இரும்புச் சத்துள்ள போர் தண்ணீர் குளோரினைக் குடித்துவிடும். அந்த மூட்டைப் பவுடரிலேயே 4 கிராம் எடுத்து 100 மில்லி தண்ணீரில் கரைத்துத் தெளியவிடுங்க. ஐந்து வாளிகளில் 10 லிட்டர் வீதம் தொட்டிக்கு ஏறும் தண்ணீரைப் பிடித்து, சிரிஞ்சால் 1, 2, 3, 4, 5 மில்லி விட்டுக் கலக்குங்க. அரை மணி நேரம் கழித்து எந்த வாளியில் முதலில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் தெரிகிறதோ அதுதான் குறைந்தபட்ச அளவு. ஒரு மில்லி என்பது 1,000 லிட்டருக்கு 4 கிராம். மூன்றாவது வாளி என்றால் 12 கிராம். பவுடர் பழசானாலும் இந்தக் கணக்கு தப்பாது.

தொட்டி அடியில் தங்கும் சேறும் குளோரினைத் தின்னும். கழுவிய தேதியைத் தொட்டியில் எழுதினால் மட்டும் போதாது, ஏறிப் பார்க்கணும்.

---

சோதனையையும் தொட்டியடியோடு நிறுத்திவிடாதீங்க சார். குடிநீருக்கான இந்தியத் தர அளவான ஐஎஸ் 10500 கேட்கும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் குழாயடியில் இருக்கணும்; வைரஸ் பயம் உள்ள இடத்தில் 0.5. குளோரின் இருந்தால் மஞ்சளாக்கும் சோதனைத் திரவமான ஆர்த்தோடாலிடின் சொட்டு விட்டால் சில நொடிகளிலேயே மஞ்சளைப் பாருங்க. தாமதித்தால் அம்மோனியாவோடு சேர்ந்த குளோரினும் நிறம் காட்டி ஏமாற்றிவிடும்.

தொட்டியடியில் 1 மில்லிகிராம், கடைசிக் குழாயில் ஒன்றுமே இல்லை என்றால் லைனில் அழுக்கு சேர்கிறது. சப்ளை நின்றதும் குழாய் காலியாகும். வீட்டு மோட்டார் உறிஞ்சும்போது, சாக்கடைக்குள் கிடக்கும் வீட்டு இணைப்பின் ஓட்டை வழியாகக் கழிவுநீர் உள்ளே போகும். திறந்ததும் வருகிற தண்ணீரில் ஒரு தரம், பத்து நிமிடம் கழித்து ஒரு தரம் பாருங்க. முதலில் மட்டும் இல்லை என்றால், சப்ளை நிற்கும் நேரத்தில் உள்ளே போயிருக்கிறது. அந்தத் தெருவில் சாக்கடையைத் தாண்டும் இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தோண்டிப் பார்க்கணும். அதுவரை கூடுதல் பவுடர் போட்டுச் சமாளிக்க வேண்டாம்.