மறு: பாய்ப்படகில் தீவு தீவாகத் திரிவதற்கு ஒரு சொல்

குழுவினருக்கு வணக்கம்.

பாய்ப்படகிலேயே குடியிருந்து தீவு தீவாகத் திரிவதை ஆங்கிலத்தில் 'குரூசிங்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் ஒரு சொல் தேடியதற்கு வந்த இரண்டு பரிந்துரைகளையும் பார்த்தேன்.

> உல்லாசக் கடற்பயணம் என்று வைத்துக்கொள்ளலாமே?

எனக்கு ஒத்துவரவில்லை ஐயா. அதைக் கேட்டதும் ஆயிரக்கணக்கானோரை ஏற்றிக்கொண்டு நீச்சல் குளத்தோடு வரும் கப்பல்தான் கண்முன் நிற்கிறது. நாம் பெயர் தேடுவது வேறு ஆட்களுக்கு. கணவனும் மனைவியுமாக நாற்பது அடிப் படகில் வருடக்கணக்காகக் குடியிருப்பார்கள். மழைத்தண்ணீரைப் பிடித்துக் குடிப்பார்கள், கிழிந்த பாயைத் தாங்களே தைப்பார்கள். நடுக்கடலில் ஒருவர் தூங்கினால் மற்றவர் விழித்திருக்க வேண்டும். இதில் உல்லாசம் எங்கே?

> கடலுலா

அழகான சொல்தான். ஆனால் உலா போனால் திரும்ப வேண்டும், வீதியுலா போன சாமி கோயிலுக்குத் திரும்புவது போல. இவர்களுக்குத் திரும்பும் நாள் தெரியாது. காற்று மாறும்வரை ஓரிடத்தில் நங்கூரம் போட்டுக் கிடப்பார்கள், மாறியதும் கிளம்பிவிடுவார்கள்.

இங்கே திருகோணமலை உட்துறைமுகத்துக்கும் இப்படிப் படகுகள் வருவதுண்டு. தை, மாசியில் வாடைக்காற்றைப் பிடித்து தாய்லாந்து, அந்தமான் பக்கமிருந்து வந்து, பிறகு மாலைதீவுக்கு இறங்கும். காற்றோடு இடம் மாறுவது எங்கள் கரைக்கும் பழக்கமானதுதான். கச்சான் எனும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மேற்குக் கரைக் கடல் கொந்தளிக்க, அங்குள்ள மீனவர்கள் இங்கே வந்து வாடி, அதாவது தற்காலிகக் குடிசை, அடிப்பார்கள். வாடை தொடங்கும் முன் திரும்பிவிடுவார்கள். அதை வைத்து 'வாடியோட்டம்' என்று எழுதிப் பார்த்தேன். பாய் வாடிப்போனது மாதிரி இருந்தது, விட்டுவிட்டேன்.

அப்புறம்தான் நாடோடி நினைவுக்கு வந்தது. நாடோடி, கடலோடி என்று அந்த 'ஓடி' நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. குடித்தனத்தைக் கூடவே கொண்டு திரிகிறவன் என்ற பொருளும் நாடோடிக்குள் இருக்கிறது. ஆகவே ஆளுக்குத் தீவோடி, செயலுக்குத் தீவோட்டம். கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஓர் ஐயாவிடம் விளக்கம் ஒன்றும் சொல்லாமல், தீவோடி என்றால் யார் என்று கேட்டேன். "தீவு தீவாத் திரியிறவன், வேற என்ன?" என்றார். எனக்கு அது போதும்.

சரி, பசிபிக் கடலில் கலாபகோசிலிருந்து மார்க்கேசஸ் தீவுகளுக்கு ஏறத்தாழ 3000 கடல்மைல், மூன்று நான்கு வாரம் ஒரு தீவும் தட்டுப்படாதே, அங்கே என்ன தீவோட்டம் என்று கேட்பீர்கள். ஆங்கிலத்திலும் அதற்கு வேறு சொல், 'பாசேஜ்'. அதைக் கடப்பு என்போம். இரண்டையும் பிரித்து வைப்பது நல்லது. 1928 முதல் 1931 வரை 32 அடிப் படகில் உலகைச் சுற்றினாரே வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன், அவர் தீவோடி. பின்னர் அவர் வாங்கிய வல்வெட்டித்துறைப் பாய்க்கப்பல் அன்னபூரணியை 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டரில் கொண்டுபோய்ச் சேர்த்த நம் தண்டையலும் (கப்பல் தலைவர்) ஆட்களும் தீவோடிகள் அல்லர். அவர்கள் செய்தது கடப்பு, அதுவும் எப்பேர்ப்பட்ட கடப்பு!

இன்னொரு இடத்தில்தான் நான் சிக்கி நிற்கிறேன். பசிபிக்கின் துவாமோட்டு தீவுகள் பெரும்பாலும் வளையம் போன்ற முருகைக்கல் பார்கள், அதாவது பவளப்பாறைத் திட்டுகள், நடுவே களப்பு. (தமிழ்நாட்டு நண்பர்கள் காயல் என்பீர்கள். மட்டக்களப்புக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நான் அதற்குச் சம்மதிக்க மாட்டேன்.) பாரில் உள்ள இடைவெளி வழியாகத்தான் படகு உள்ளே போக வேண்டும். சூரியன் உச்சியில், முதுகுப் பக்கம் இருக்கும்போது ஒருவர் பாய்மரத்தில் ஏறிப் பார்த்தால் நீரின் நிறம் வழி காட்டும். நீலம் என்றால் ஆழம், பழுப்பு என்றால் பார். ஆனால் அந்த இடைவெளியில் நீரோட்டம் ஆறு மாதிரிப் பாயும். வற்று (நீர் இறங்குவது) முடிந்து பெருக்கு (நீர் ஏறுவது) தொடங்கும் முன், நீர் அசையாமல் நிற்கும் கொஞ்ச நேரத்தில் நுழைந்துவிட வேண்டும்.

அந்த நேரத்துக்கு என்ன பெயர்? எங்கள் கடல் ஒரு மீட்டர்கூட ஏறி இறங்காது, அதனால் இங்கே யாரும் அதைப் பெரிதாகக் கவனிப்பதில்லை. பாம்பன் வாய்க்கால் பக்கம் படகோட்டுகிறவர்கள் கட்டாயம் ஏதாவது சொல்வார்கள். இராமேசுவரத்துக்காரர்கள் குழுவில் இருந்தால் கேட்டு எழுதுங்கள், அதுவரை அந்தச் சொல்லுக்கான இடத்தை வெறுமையாக விட்டு வைக்கிறேன்.