புதுக் கூட்டில் கோழிகள் அடைய மறுக்கின்றன, வழி சொல்லுங்கள்

புதுக்கூடு: பலகையால் ஒரு கோழிக்கூடு கட்டி முடித்திருக்கிறேன். பொழுது சாய்ந்ததும் கோழிகள் உள்ளே போகாமல் கூரைமேல் ஏறி அமர்ந்துகொள்கின்றன. பிடித்து அடைத்தாலோ, காலையில் பலகையெல்லாம் வியர்த்து, கண்ணெரியும் அளவுக்கு வாடை அடிக்கிறது. விரைவில் உதவுங்கள்.

உளிச்சத்தம்: எத்தனை கோழிகள், நீள அகலம் என்ன, காற்றுப் போக எங்கே வழி விட்டிருக்கிறீர்கள்?

இராக்காவல்: எனக்குச் செள் என்னும் சிறு ஒட்டுண்ணி மீதுதான் ஐயம். அது பகலில் இடுக்கில் ஒளிந்திருந்து இரவில் இரத்தம் குடிக்கும். இருட்டியபின் அடையும் கட்டையின் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். சிவப்புக் கறை படிந்தால் அதுவே காரணம்.

மூத்தகோழி: கட்டிய பிறகு அளவு பார்ப்பவர்களுக்கு விடை எழுதியே என் விரல் தேய்ந்துவிட்டது. கண்ணெரிவது செள்ளால் அன்று, ஈர எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியாவால்.

புதுக்கூடு: மன்னிக்கவும். 8 கோழிகள், 4 அடிக்கு 3 அடி. பூனைக்கு அஞ்சிச் சன்னல் வைக்கவில்லை. ஓரடி உயரத்தில் ஒரே கட்டை. முட்டைப்பெட்டி அதற்கு மேலே இருக்கிறது.

உளிச்சத்தம்: உயரமான இடத்தைத் தேடியே கோழி அடையும், உள்ளே உயரமில்லாததால் கூரைக்குப் போகிறது. ஒரு கோழி அமர 8 அங்குலம் என்றால் உங்களுக்கு 64 அங்குலம் வேண்டும், இருப்பதோ 48. ஆகவே இரண்டு கட்டைகளை ஒரே உயரத்தில், முட்டைப்பெட்டிக்கு மேலாக, ஓரடி இடைவெளியில் பொருத்துங்கள். அமர்ந்த கோழியின் தலைக்கு மேலே இருபுறமும் திறப்பு வெட்டி, அரை அங்குலக் கண்ணுள்ள கெட்டியான கம்பிவலையை அடியுங்கள்; மெல்லிய அறுகோண வலை கோழியை உள்ளே நிறுத்துமே தவிர, பிய்த்து நுழையும் விலங்கைத் தடுக்காது. அடைத்தே வளர்ப்பதானால் தலைக்கு 4 சதுர அடி வீதம் 32 சதுர அடி தேவை. 12 சதுர அடியில் பகலில் மேய விட்டே ஆக வேண்டும்.

இராக்காவல்: மரத்தூளை நான்கு அங்குலம் பரப்பிக் கிளறிவந்தாலே வாடை அடங்கிவிடுமே?

மூத்தகோழி: காற்றில்லாப் பெட்டியில் ஆழ்கூளம், அதாவது இப்படித் தடிமனாகத் தூள் பரப்பி விடுவது, ஈரத்தைச் சேமித்து வைப்பதாகும். நாள்தோறும் எச்சத்தை வழிப்பதே முறை.

இராக்காவல்: திறப்பு வெட்டிய பிறகு அது எப்படிக் காற்றில்லாப் பெட்டியாகும்? கூளம் காய்ந்திருந்தால் நாள்தோறும் வழிக்கத் தேவையில்லை.

மூத்தகோழி: 12 சதுர அடியில் 8 கோழிகள் எச்சமிட்டால் எந்தக் கூளமும் காயாது, கணக்கைப் பாருங்கள்.

புதுக்கூடு: திறப்பு வெட்டிக் கட்டைகளை உயர்த்தினேன். வாடை இல்லை. ஆறு கோழிகள் தாமாகவே அடைகின்றன. இரண்டு இன்னும் கூரைமேல்தான்.

இராக்காவல்: அந்த இரண்டின் இறகடியில் செள் இருக்கிறதா என்று பார்த்தீர்களா?