ஸ்டீராய்டு தொடங்கும் முன் மலப் பரிசோதனை எதற்கு?

கேள்வி:
என் தந்தைக்கு 68 வயது. நாற்பது ஆண்டுகள் வெறுங்காலுடன் வயலில் உழைத்தவர். சில மாதங்களாக அவருக்கு இருமலும் இழுப்பும் உள்ளன. இரத்தத்தில் ஈசினோபில் அணுக்கள் (புழுத்தொற்றிலும் ஒவ்வாமையிலும் பெருகும் வெள்ளையணுக்கள்) 14 சதவீதம் என்று அறிக்கை வந்ததும், ஸ்டீராய்டு மாத்திரை எழுதவிருந்த மருத்துவர் அதை நிறுத்திவைத்து, முதலில் மலத்தைப் பரிசோதித்து வரச் சொல்லிவிட்டார். வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு எதுவும் இல்லாதவருக்கு இது எதற்கு?

மறுமொழி 1:
உங்கள் மருத்துவர் ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்னும் குடற்புழுவை ஐயுறுகிறார் என்று நினைக்கிறேன். அதன் இளம்புழுக்கள் ஈரமண்ணிலிருந்து பாதத்தோலைத் துளைத்து நுழைந்து, இரத்தத்தின் வழியே நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி விழுங்கப்பட்ட பின்னரே சிறுகுடலில் தங்குகின்றன. ஆகவே வயிறு அமைதியாக இருக்க, இருமல் மட்டும் தலைகாட்டக்கூடும். பெரும்பாலான குடற்புழுக்களைப் போலன்றி இது உடலுக்குள்ளேயே மீண்டும் மீண்டும் தொற்றிக்கொள்ளும். இரண்டாம் உலகப்போரில் சயாம்–பர்மா ரயில் பாதையில் வேலை வாங்கப்பட்ட பிரிட்டிஷ் போர்க்கைதிகளிடம், நாடு திரும்பி முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் இப்புழு கண்டறியப்பட்டது. ஸ்டீராய்டு நோய் எதிர்ப்பை அடக்கிவிட்டால் புழுக்கள் கட்டுமீறிப் பெருகி, குடலில் உள்ள பாக்டீரியாக்களையும் சுமந்துகொண்டு நுரையீரலுக்கும் மூளையுறைக்கும் பரவி உயிரையே பறிக்கலாம்.

மறுமொழி 2:
ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். இப்புழுவின் முட்டைகள் குடலிலேயே பொரிந்துவிடுவதால் மலத்தில் இளம்புழுக்களே வெளிவரும், அவையும் நாள்தோறும் வருவதில்லை. எனவே ஒருமுறை பார்த்து ‘இல்லை’ என்றால் நம்பிவிடாமல், வெவ்வேறு நாள்களில் மாதிரி கொடுங்கள். எதிர்ப்புப்புரத இரத்தப் பரிசோதனை கிடைக்குமா என்றும் கேளுங்கள். இடுப்பிலோ பிட்டத்திலோ கோடுபோல் தடித்து, மணிக்கு ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் வரை நகரும் அரிப்பு அவருக்கு இருந்ததுண்டா?

கேள்வி கேட்டவர்:
இருந்தது. காலையில் இடுப்பில் தடித்த கோடு மாலைக்குள் வேறிடம் போய்விடும் என்பார். நாங்கள் படை என்று நினைத்துக் களிம்பு தடவிவந்தோம்! வீட்டில் அல்பெண்டசோல் பூச்சி மாத்திரை இருக்கிறது, அதைக் கொடுத்துவிடலாமா?

மறுமொழி 1:
வேண்டாம். பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் அந்த ஒற்றை மாத்திரை இப்புழுவுக்குப் போதாது. ஐவர்மெக்டினே இதற்கு முதன்மையான மருந்து. உடல் எடையில் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் என்று கணக்கிட்டு மருத்துவரே தரவேண்டும். நம் பகுதியில் யானைக்கால் புழுவும் இதே போன்ற இருமலையும் ஈசினோபில் பெருக்கத்தையும் உண்டாக்கும் என்பதால், இரண்டையும் பிரித்தறிய உதவும் அந்த நகரும் அரிப்பைப் பற்றி மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள்.