மாடியில் ஏறுசுவர்: எனக்கா, பிள்ளைகளுக்கா?

கோவை_ரவி:
வீட்டிலேயே ஒரு ஏறுசுவர் கட்ட வேண்டும் என்று ஆறு மாதமாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. பெங்களூரில் வேலை பார்த்த காலத்தில் போல்டரிங் தொற்றிக்கொண்டது. கயிறு இல்லாமல், குதித்துவிடக்கூடிய உயரத்துக்குள் ஏறுவதுதான் போல்டரிங், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கண்டீரவா ஸ்டேடியம் சுவரில் தொடங்கி துரஹள்ளிப் பாறை வரை போனேன். இப்போது சொந்த ஊருக்கே திரும்பியாயிற்று. வயது 41, விரல்களில் பழைய பலம் இல்லை.

மாடியில் 12க்கு 14 அடி அறை ஒன்று சும்மா கிடக்கிறது, கூரை 10 அடி. அதற்கு வெளியே மொட்டை மாடி. 18 மி.மீ. ப்ளைவுட், 8க்கு 4 பலகை இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, 40 டிகிரி முன்பக்கம் சாய்த்துக் கட்டுவது என் திட்டம். எனக்குப் பயிற்சி, மகளுக்கும் (13) மகனுக்கும் (8) விளையாட்டு. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். "ட்ரெட்மில் கதைதான் இதுவும்" என்கிறார் மனைவி. கட்டலாமா? அறைக்குள்ளா, வெளியிலா?

பாறைப்பல்லி:
அண்ணி சொல்வதுதான் சரி. கட்டாதீர்கள்.

பலகை அடித்து வீட்டில் ஏறும் பழக்கம் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு மாதிரி ஊர்களில் வளர்ந்தது. அங்கே மழையும் குளிரும், பாறை பாதி வருடம் ஈரம். நிலவறையில் ஏறாமல் அவர்கள் வேறு என்ன செய்வார்கள்? மூன்போர்டு என்று எல்லோரும் கொண்டாடும் பலகைக்குப் பெயர் கொடுத்த பென் மூனும் அந்த ஊர்க்காரர்தான். நமக்கு என்ன குறை? ஹம்பி இருக்கிறது, பதாமி இருக்கிறது, ராமநகரம் இருக்கிறது. உங்கள் பட்ஜெட் எவ்வளவு என்று தெரியாது, ஆனால் அதில் குடும்பத்தோடு நாலு முறை ஹம்பி போய் வரலாம். பிள்ளைகள் துங்கபத்திரையையும் பார்த்த மாதிரி இருக்கும்.

சுண்ணாம்புக்கை:
பல்லி சார், மே மாதம் ஹம்பிப் பாறையில் கை வைத்திருக்கிறீர்களா? தோசைக்கல். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஏறலாம், மீதி எட்டு மாதம் படம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். விரல் பலம் வாரம் இரண்டு மூன்று தடவை ஏறினால்தான் தங்கும்.

அப்புறம், "பாறை இல்லாதவன்தான் பலகை அடிப்பான்" என்பதே தப்பு. ஜெர்மனியில் வொல்ஃப்காங் குல்லிக் 1988-ல் நியூரம்பெர்க் ஜிம் ஒன்றில் மெல்லிய மரச்சட்டங்களை ஏணி மாதிரி அடித்து, கால் வைக்காமல் கையால் மட்டுமே தாவித் தாவி ஏறினார். அந்த ஜிம்மின் பெயரால்தான் அதை இன்றைக்கும் கேம்பஸ் போர்டு என்கிறோம். 1991-ல் அவர் ஆக்சியோன் டிரெக்ட் என்ற வழியை முடித்தபோது உலகத்தில் அதைவிடக் கடினமான வழி கிடையாது. அந்தப் பாறை இருக்கும் ஃபிராங்கன்யூரா நியூரம்பெர்குக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வாசலில் சுண்ணாம்புப் பாறையை வைத்துக்கொண்டே மனிதர் பலகை அடித்திருக்கிறார்.

ரவி, கட்டுங்கள். 40 டிகிரியே வையுங்கள். சென்னையில் என் வீட்டில் நாலு வருடமாக அதில்தான் ஏறுகிறேன். ஆபீஸ் முடிந்து வந்து இருபது நிமிடம், போதும்.

நாலரை_இஞ்ச்:
சிவில்காரன் குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். இரண்டு பேரும் பலகையா பாறையா என்று சண்டை போடுகிறீர்கள். கணக்கை யாரும் போடவில்லை.

8 அடிப் பலகையை 40 டிகிரி சாய்த்தால் அதன் உயரம் 6.1 அடிதான். கீழே கால் வைக்க ஒரு அடி நேர்ப்பலகை சேர்த்தாலும் உச்சி 7 அடிக்குக் கொஞ்சம் மேலே. ரவி சராசரி உயரம் என்றால் தரையில் நின்றபடியே கடைசிப் பிடியைத் தொட்டுவிடுவார்! முழு அளவு மூன்போர்டு 3.15 மீட்டர் உயரம். உங்கள் கூரை 10 அடி, அதாவது 3.05 மீட்டர். உள்ளே நிற்காது. 12 அடி நீளப் பலகையை 40-ல் வைத்தால் உயரம் 9.2 அடி, நிற்கும், ஆனால் முன்னால் 7.7 அடி நீட்டிக்கொண்டு வந்து பாதி அறையைத் தின்றுவிடும். 10 அடி நீளம், 30 டிகிரி, கீழே ஒரு அடி நேர்ப்பலகை என்று போட்டால் மொத்தம் 9.7 அடி உயரம், 5 அடி நீட்டம். உங்கள் அறைக்கு இதுதான் பொருந்துகிறது.

மொட்டை மாடி யோசனையை இங்கேயே விட்டுவிடுங்கள். திறந்த வெளியில் 64 சதுர அடி ப்ளைவுட் என்பது பாய்மரம். கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 கோவைக்குச் சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 39 மீட்டர். அதன் இருமடியை 0.6-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 900 நியூட்டனுக்கு மேல். உங்கள் பலகை 6 சதுர மீட்டர், ஆகவே கிட்டத்தட்ட 550 கிலோ தள்ளுவிசை. சென்னைக்கு 50 மீட்டர், அங்கே இதே பலகையை 900 கிலோ தள்ளும். வர்தா புயல் நாளில் எத்தனை தகரக் கூரை பறந்தது என்று சுண்ணாம்புக்கைக்கு நினைவிருக்கும்.

உள்ளேயும் நாலரை இஞ்ச் செங்கல் சுவரில் போல்ட் அடித்து மாட்டாதீர்கள், என் பெயரைக் கெடுக்காதீர்கள். வெல்டிங் பட்டறையில் 2 இஞ்ச் ஸ்கொயர் டியூபில் தானாக நிற்கும் சட்டம் செய்யச் சொல்லுங்கள். மேல்பக்கத்தைக் கான்கிரீட் பீமில் மட்டும் பிடியுங்கள். தளம் தாங்குமா என்ற கவலை வேண்டாம், மாடியில் 500 லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் அது 500 கிலோ. இது அவ்வளவு வராது.

யாழினி_அம்மா:
40, 30 எல்லாம் அப்பாக்களின் கணக்கு. பிள்ளைகளைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே?

நான் பிசியோதெரபிஸ்ட். 13 வயதில் விரல் எலும்புகளின் வளர்ச்சித் தட்டு, அதாவது எலும்பு நீளும் இடம், இன்னும் மூடியிருக்காது. நுனிவிரலில் தொங்கும் சின்னப் பிடிகளில் திரும்பத் திரும்ப இழுத்தால் அந்த இடத்தில்தான் விரிசல் விழும், பெரும்பாலும் நடுவிரலின் நடு மூட்டில். வீக்கம்கூடப் பெரிதாகத் தெரியாது, "லேசா வலிக்குது" என்று சொல்லிக்கொண்டே ஏறுவார்கள். அந்தக் கேம்பஸ் போர்டைப் பிள்ளைகள் கண்ணிலேயே காட்டாதீர்கள்.

8 வயதுப் பையனுக்கு வேண்டியது நேர்ச்சுவர், கை நிறையப் பிடிகள், சிரிப்பு. முன்சாய்வுப் பலகையில் இரண்டு தடவை முதுகு அடிபட விழுந்தால் அதோடு அந்தப் பக்கம் வரமாட்டான். இரண்டு மாங்காய்க்கு இரண்டு கல் வேண்டும், ரவி சார்.

சுண்ணாம்புக்கை:
மேடம், விரல் விஷயத்தில் வாதமே இல்லை. ஆனால் முன்சாய்வில் பிள்ளைகள் ஏறமாட்டார்கள் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். எடை குறைவு, குரங்குக் குட்டி மாதிரி தொங்குவார்கள். ஜாடிக் கைப்பிடி போன்ற பெரிய ஹோல்டுகளை (பிடிகளை) போட்டால் 30 டிகிரியில் என் அண்ணன் மகள் ஏழு வயதிலேயே ஏறினாள். இன்னொன்று, நேர்ச்சுவரில் நழுவினால் கீழே உள்ள பிடிகளில் தாடையும் முட்டியும் உரசிக்கொண்டுதான் இறங்க வேண்டும். முன்சாய்வில் நேரே மெத்தையில் விழுவார்கள்.

யாழினி_அம்மா:
நேரே மெத்தையில், முதுகு முதலில். அதைத்தான் நானும் சொல்கிறேன். உங்கள் அண்ணன் மகள் ஏறினாள், சந்தோஷம். பத்தாவது நாளும் ஏறினாளா?

சுண்ணாம்புக்கை:
…இல்லை. இப்போது பரதநாட்டியம்.

பாறைப்பல்லி:
😂 நான் ஒன்றும் சொல்லவில்லை.

கோவை_ரவி:
கணக்கைப் பார்த்ததும் தலை சுற்றியது, நாலரை சார் நன்றி. மொட்டை மாடி யோசனையை விட்டாயிற்று. சாய்வை மாற்றிக்கொள்ளும்படி கீழே கீல் வைத்து, மேலே செயின் புல்லி போட்டால்? பிள்ளைகளுக்கு நேராக, எனக்குச் சாய்த்து.

நாலரை_இஞ்ச்:
செய்யலாம். ஆனால் 8 அடிக்கு 10 அடி ப்ளைவுட்டும் சட்டமும் சேர்ந்து 150 கிலோவைத் தாண்டும். புல்லி தூக்கவும் இறக்கவும் மட்டும்தான். ஏறும்போது எடை அதில் நிற்கக் கூடாது, இரண்டு பக்கமும் இரும்புக் காலில் பின் போட்டுப் பூட்ட வேண்டும். ஒரு நாள் பின் போட மறந்தால் என்ன ஆகும் என்று நான் எழுதத் தேவையில்லை. கீல் இடுக்கில் சின்ன விரல் வேறு. 8 வயதுப் பையன் உள்ள வீட்டுக்கு நான் வரைந்து தரமாட்டேன்.

சுண்ணாம்புக்கை:
இதில் நாலரை சார் பக்கம்தான் நான். நிலையான சாய்வே வையுங்கள்.

நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை விலை பார்த்துக் கமர்ஷியல் ப்ளை வாங்கினேன். இரண்டாவது ஐப்பசி மழைக்கே ஓரங்கள் அப்பளமாக உப்பிவிட்டன, பின்னால் கரையான் வேறு. இப்போது இருப்பது ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் ப்ளை. ஹோல்டை மாட்ட 10 மி.மீ. போல்ட், பலகைக்குப் பின்னால் டீ நட், அதாவது மரத்தில் பல் பதித்து நிற்கும் நட். சோபா செய்யும் ஆசாரியிடம் கேட்டால் டீ நட்டை உடனே எடுத்துக் காட்டுவார். 20 செ.மீ. இடைவெளியில் 12 மி.மீ. துளை. முன்பக்கத்திலிருந்து துளை போடுங்கள், சிதறினாலும் பின்னால்தான் சிதறும். போல்டைக் கோணலாக முடுக்கினால் பின்னால் டீ நட் பிடி விட்டுச் சுற்ற ஆரம்பிக்கும். அப்புறம் உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. அதனால் சட்டத்துக்குப் பின்னால் ஓர் ஆள் கை நீட்ட இடம் விடுங்கள். நான் விடவில்லை. ஒரு ஹோல்டைக் கழற்ற முழுப் பலகையையும் இறக்கினேன், தீபாவளி அன்று.

ஹோல்டுகளில் பாதியை மரத்தில் செய்துகொள்ளலாம். தேக்குத் துண்டு கிடைத்தால் நன்றாக இழைத்து, விளிம்பை உருட்டிவிடுங்கள். தோலைக் கிழிக்காது. போல்டோடு ஒரு திருகாணியும் போடுங்கள், இல்லையென்றால் கை வைத்ததும் சுழலும்.

யாழினி_அம்மா:
மெத்தையைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய இலவம்பஞ்சு மெத்தைகளை வரிசையாகப் போட்டு ஏறும் வீட்டைப் பார்த்திருக்கிறேன். இரண்டு மெத்தைக்கு நடுவில் உள்ள இடுக்கில்தான் கணுக்கால் மடங்கும். மேலே கெட்டியான ஃபோம் கொஞ்சம், கீழே தடிமனாக மெத்தென்ற ஃபோம், எல்லாம் ஒரே உறைக்குள். பலகை நீட்டிக்கொண்டு வரும் 5 அடிக்கு மேலும் இரண்டு மூன்று அடி வெளியே வர வேண்டும். ஏறுமுன் மோதிரம், வளையல், கழுத்துச் சங்கிலி எல்லாம் கழற்றி ஒரு டப்பாவில். மோதிரம் பிடியில் மாட்டிக்கொண்டு ஆள் கீழே போனால் விரலின் தோலோடு உரிந்து வரும். இதை மட்டும் பயமுறுத்தவே எழுதுகிறேன்.

பாறைப்பல்லி:
மரைன் ப்ளை, இரும்பு, டீ நட், ஃபோம், தேக்கு. கூட்டிப் பாருங்கள். ஹம்பி நாலு முறை இல்லை, பத்து முறை.

கோவை_ரவி:
நேற்று ராத்திரி சாப்பிடும்போது பிள்ளைகளிடமே கேட்டேன், முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். பையன் கேட்டது கயிறும் மணியும். உச்சியில் ஒரு மணி, தொட்டால் அடிக்க வேண்டுமாம். மகள் ஏறுவதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. "ஹோல்டை எங்க வைக்கணும்னு நான் முடிவு பண்ணலாமா? அப்பாவால ஏற முடியாத மாதிரி வைப்பேன்" என்கிறாள். பல்லி, ஹம்பிப் பாறையில் அவளுக்கு இந்த வேலை கிடைக்காது.

ஆக, 14 அடிச் சுவரில் 8 அடி அகலத்துக்கு 30 டிகிரி, பக்கத்தில் 4 அடி அகலத்துக்கு நேர்ப்பலகை, மணியோடு. கயிறு கிடையாது, கழுத்தில் சுற்றும் என்று யாழினி அம்மா சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். இந்த வருடம் நேர்ப்பலகையும் மெத்தையும் மட்டும். என் பலகை அடுத்த போனஸில். மனைவி ஒப்புக்கொண்டார், ட்ரெட்மில்லை விற்ற பிறகு என்ற நிபந்தனையோடு.

சுண்ணாம்புக்கை:
பிள்ளைகள் பலகை முதலில், உங்களுடையது அப்புறமா? விரல் பலம் போய்விடும் என்று ஆரம்பித்ததே நீங்கள்தானே, ரவி.

கோவை_ரவி:
நிலைப்படிக்கு மேலே ஒரு மரச்சட்டம் அடித்துத் தொங்கிக்கொள்கிறேன். ஒரு வருடம் தாங்கும்.

நாலரை_இஞ்ச்:
எல்லாம் சரி. 8க்கு 4 பலகை உங்கள் மாடிப்படி வளைவில் திரும்புமா? ஆர்டர் கொடுக்குமுன் டேப் வைத்து அளந்து பாருங்கள்.

கோவை_ரவி:
அளந்தேன். திரும்பாது. தெருப்பக்கமாகக் கயிறு கட்டித்தான் மாடிக்கு ஏற்ற வேண்டும். பல்லி, திருப்பூரில்தானே இருக்கிறீர்கள்? பழைய ஸ்டாடிக் ரோப் (இழுத்தால் அதிகம் நீளாத கயிறு) ஏதாவது இருக்கிறதா?

பாறைப்பல்லி:
40 மீட்டர் இருக்கிறது, புல்லியும் இருக்கிறது. ஞாயிறு காலை வருகிறேன். என் கருத்து மாறவில்லை.