மறுமொழி: ‘ஸ்ட்ராட்டஜி’க்கு என்ன சொல்? ‘சூழ்வு’ என்று ஒரு முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

மேலாண்மைப் பாடத்துக்கு நாம் தொகுக்கும் கலைச்சொல் பட்டியலில் ‘ஸ்ட்ராட்டஜி’க்கு, அதாவது ஒரு நிறுவனம் எங்கே, எப்படிப் போட்டியிடுவது என்ற ஒட்டுமொத்தத் திட்டத்துக்கு, எந்தத் தமிழ்ச்சொல்லை வைப்பது என்ற கேள்விக்கு இந்த இழையில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: உத்தி, வியூகம், மூலோபாயம். மூன்றுமே புழக்கத்தில் உள்ளவைதான். ஆனால் ஒரு நிறுவனத்தின் தொழிற்சூழலை ஆராய்ந்து, அதிலிருந்து அதன் போட்டிச் சந்தைப்படுத்தலை விளக்கும் பாடத்தை எழுத உட்கார்ந்தால் மூன்றும் ஏதோ ஓர் இடத்தில் இடறுகின்றன. எங்கே இடறுகின்றன என்று சொல்லிவிட்டு என் முன்மொழிவுக்கு வருகிறேன்.

முதலில் உத்தி. தொல்காப்பியமும் நன்னூலும் முப்பத்திரண்டு உத்திகளைச் சொல்கின்றன. ஒவ்வொன்றும் நூலாசிரியன் கையாளும் ஒரு தனி வழிமுறை. இன்றைய வழக்கிலும் ‘விளம்பர உத்தி’, ‘பந்துவீச்சு உத்தி’ என்று ஒரு குறிப்பிட்ட செயல்முறையைத்தான் சொல்கிறோம். அதாவது அது ‘டாக்டிக்’கிற்கு, ஒட்டுமொத்தத் திட்டத்தை நிறைவேற்றும் தனித்தனிச் செயல்வழிக்கு, கச்சிதமாகப் பொருந்துகிற சொல். அதையே ‘ஸ்ட்ராட்டஜி’க்கும் கொடுத்தால் ‘இந்த ஸ்ட்ராட்டஜியை நிறைவேற்ற எந்த டாக்டிக்குகள் வேண்டும்?’ என்ற எளிய கேள்வியைக் கூடத் தமிழில் கேட்க முடியாது. ‘இந்த உத்திக்கு எந்த உத்திகள் வேண்டும்’ என்று நிற்கும்.

மூலோபாயம் இலங்கைப் பாடநூல்களில் நன்றாக வேரூன்றிய சொல். அங்கே படித்தவர்களுக்கு அதில் குழப்பமே இல்லை. மற்றவர்களுக்கு அது வாயில் எளிதாக வருவதில்லை. ‘ஸ்ட்ராட்டஜிக்’, ‘ஸ்ட்ராட்டஜிஸ்ட்’ என்று கிளைச்சொற்கள் வேண்டும்போது இன்னும் நீண்டுவிடுகிறது.

வியூகத்தைப் பரிந்துரைத்த ஐயாவின் வாதம் வலுவானது. ‘தேர்தல் வியூக வகுப்பாளர்’ என்று செய்தித்தாள் எழுதினால் எல்லோருக்கும் புரிகிறது, உண்மை. ஆனால் வியூகம் என்பது படையை நிறுத்தும் அமைப்பு. எதிரி யார், களம் எது என்பதெல்லாம் முடிவானபின் வருவது. நாம் படிக்கும் பொருளிலோ ‘எந்தக் களத்தில் நிற்பது’ என்பதே முதல் கேள்வி. அதற்கு ஒரு நிகழ்வைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

புகைப்படச் சுருள் தொழிலில் கோடக்கும் ஃபுஜிஃபிலிமும் நேரடிப் போட்டியாளர்கள். கோடக்கின் பொறியாளர் ஒருவர் 1975லேயே டிஜிட்டல் கேமராவை உருவாக்கிக் காட்டிவிட்டார். ஆக, வெளியே என்ன வரப்போகிறது என்ற அறிகுறி அந்த நிறுவனத்துக்குள்ளேயே இருந்தது. ஆனாலும் அதன் லாபம் சுருளிலேயே கட்டுண்டு கிடந்தது. 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. ஃபுஜிஃபிலிமுக்கும் அதே சுருள்தான், அதே சரிவுதான். அவர்கள் தங்கள் கையில் இருக்கும் வேதியியல் வேறு எதற்கெல்லாம் உதவும் என்று பார்த்தார்கள். சுருளுக்குப் பயன்பட்ட, மெல்லிய ஏடு செய்யும் நுட்பம் எல்சிடி திரைகளுக்கான படலமானது. தோலில் உள்ள புரதமான கொலாஜன் பற்றிய அறிவும், படம் வெளிறாமல் காக்கும் ஆக்சிஜனேற்றத் தடுப்பு அறிவும் 2007ல் அஸ்டாலிஃப்ட் என்ற சருமப் பராமரிப்புப் பொருளாயின. சுருளின் விலையைக் குறைப்பதா, சலுகை தருவதா என்பவை உத்திகள். சுருளிலேயே நிற்பதா என்று கேட்டது அதற்கு மேலான ஒன்று. அந்த மேலான ஒன்றுக்குத்தான் சொல் தேடுகிறோம். ‘வியூகம்’ அதில் பாதியைத்தான் சொல்கிறது.

சரி, தமிழில் அதற்கு ஏற்கெனவே ஒரு வினை இருக்கிறது: சூழ். சுற்றியிருத்தல் என்பது ஒரு பொருள், அதிலிருந்துதான் சூழல். ஆராய்ந்து திட்டமிடுதல் என்பது இன்னொரு பொருள். ‘அழிவதூஉம் ஆவதூஉம் ஆகி வழிபயக்கும் ஊதியமும் சூழ்ந்து செயல்’ என்ற குறளில் வருவது இந்தச் சூழ்தல்தான். எது போகும், எது வரும், பின்னால் என்ன ஆதாயம் தரும் என்று எண்ணிப் பார்த்துச் செய் என்கிறது. முதலீட்டு முடிவுக்கு இதைவிட நேரான வாசகம் கிடைப்பது அரிது. அடுத்த அதிகாரமான வலியறிதல் ‘வினைவலியும் தன்வலியும் மாற்றான்வலியும் துணைவலியும்’ என்று நான்கு வலிமைகளை எடைபோடச் சொல்கிறது. அதைத் தொடர்வன காலமறிதல், இடனறிதல். நாம் தேடும் பாடத்தின் அடுக்கே அங்கே இருக்கிறது.

எனவே என் முன்மொழிவு: ஸ்ட்ராட்டஜி என்பது சூழ்வு. போட்டி சார்ந்தது போட்டிச் சூழ்வு, சந்தைப்படுத்தல் சார்ந்தது சந்தைச் சூழ்வு. வகுப்பவர் சூழ்வாளர். துறை சூழ்வு மேலாண்மை. அதற்கு முன் நடக்கும் சூழல் ஆய்வுக்கு, குறளின் அதிகாரப் பெயர்களை ஒட்டி, சூழலறிதல். சூழலை அறி, பிறகு சூழ். இரண்டும் ஒரே வேரில் நிற்பதால் ஒன்றில்லாமல் மற்றொன்று இல்லை என்பதை மாணவர் சொல்லிலேயே உணர்வார். டாக்டிக் உத்தியாகவே இருக்கட்டும்.

‘சூழ்ச்சி’ நினைவுக்கு வந்து தவறாகப் படாதா என்று அம்மையார் ஒருவர் தனிமடலில் கேட்டார். நியாயமான ஐயம். ‘சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்’ என்ற காலத்தில் சூழ்ச்சி என்றால் ஆலோசனை. இன்று அது சதி. அதனால்தான் அந்தச் சொல்லையே மீட்டுக் கொண்டுவரலாம் என்று நான் சொல்லவில்லை, வேறு விகுதியை எடுத்தேன். மகிழ்ச்சி, மகிழ்வு, இகழ்ச்சி, இகழ்வு என்று இரண்டு வடிவங்களும் நமக்குப் பழக்கம்தான். ‘நிறுவனத்தின் சூழ்வு’ என்று ஒரு பத்தியில் நான்கு முறை படித்துப் பாருங்கள். சதி என்ற வாடை தங்குவதில்லை.

அப்புறம், பட்டியலில் உள்ள சில துணைச்சொற்கள். வெளியிலிருந்து நிறுவனத்துக்கு வரும் ஆபத்தைச் சொல்லும் ‘த்ரெட்’டுக்கு இடர் வேண்டாம், அது ‘ரிஸ்க்’குக்குப் போய்விட்டது, அச்சுறுத்தல் என்றே வைப்போம். மேலாண்மை அறிஞர் மைக்கேல் போர்ட்டர் 1979ல் எழுதிய ஐந்து ‘ஃபோர்ஸ்’களை ஐவிசை என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். விசை என்றதும் இயற்பியல் முன்னால் வந்து நிற்கிறது. புதிதாக நுழைவோர், வாங்குவோர், வழங்குவோர், பதிலிப் பொருட்கள், ஏற்கெனவே உள்ள போட்டியாளர்கள் ஆகிய ஐந்தும் தொழிலின் லாபத்தைப் பிழிகின்றன என்பதே அவர் சொல்ல வந்தது. வாங்குபவர் போட்டியாளர் இல்லை, ஆனாலும் நெருக்குகிறார். ஆகவே ‘ஐந்து நெருக்குதல்கள்’ பொருளை விட்டுக்கொடுக்காத பெயர்.

சந்தையில் மிகப் பெரிய பங்கு வைத்திருக்கும் ‘மார்க்கெட் லீடர்’ என்பதற்குப் பட்டியலில் ‘சந்தை முன்னோடி’ என்று இருப்பதைக் கட்டாயம் மாற்ற வேண்டும். முன்னோடி என்றால் முதலில் வந்தவர். கூகுள் 1998ல் வந்தபோது ஆல்டாவிஸ்டா, யாஹூ ஆகிய இணையத் தேடல் தளங்கள் முன்பே இருந்தன. கூகுள் முன்னோடி இல்லை, முதன்மை நிறுவனம். இந்த இரண்டையும் குழப்பினால், முதலில் நுழைந்தவருக்கு ஆதாயமா இல்லையா என்ற பாடமே அர்த்தமற்றுப் போகும். சந்தையில் மற்ற மூன்று நிலைகளான ‘சேலஞ்சர்’ (முதன்மை நிறுவனத்தை எதிர்ப்பது), ‘ஃபாலோயர்’ (அதைப் பின்பற்றுவது), ‘நிச்சர்’ (சிறு தனிப்பிரிவில் மட்டும் இயங்குவது) ஆகியவற்றுக்குச் சவால் நிறுவனம், பின்பற்றும் நிறுவனம், நுண்சந்தை நிறுவனம் போதும்.

‘சூழ்வு’ வேண்டாம் என்பவர்கள் ஒன்று செய்ய வேண்டுகிறேன். மேலே எழுதிய கோடக், ஃபுஜிஃபிலிம் பத்தியை உங்கள் சொல்லை வைத்துத் திருப்பி எழுதி அனுப்புங்கள். ‘உத்தி’யும் அதே பத்தியில் வர வேண்டும். எது தடுக்காமல் ஓடுகிறதோ அதையே தொகுப்பில் சேர்த்துவிடலாம்.

அன்புடன்.