தீங்குத்தன்மை கண்டால் தடையா, அளவு பார்த்து அனுமதியா?

கண்ணாடிக்குடுவை:
அன்றாடம் புழங்கும் எந்தப் பொருளானாலும், அதிலுள்ள வேதிப்பொருள் தீங்கற்றது என்று தயாரிப்பாளர் மெய்ப்பிக்கும்வரை அதை விற்கவே கூடாது என்பது என் நிலைப்பாடு. அமெரிக்கா 1976-இல் வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றியபோது, அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்த ஏறத்தாழ 62,000 வேதிப்பொருள்களைச் சோதனை எதுவும் கேட்காமல் உள்ளே விட்டுவிட்டது. 2007-இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் ரீச் என்னும் வேதிப்பொருள் பதிவு விதியோ, தரவு இல்லையேல் சந்தையில் இடமில்லை என்றது. அதுதான் முறை.

அளவுகோல்:
மெய்ப்பிக்கும் பொறுப்பு விற்பவருடையது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் ஒரு பொருளின் தீங்குத்தன்மை வேறு, அதனால் தீங்கு நேரும் வாய்ப்பு வேறு. அழகுப்பொருள்கள் கெடாதிருக்கச் சேர்க்கும் பாரபென் குறித்த அச்சத்தால் தயாரிப்பாளர்கள் பலர், அதே வேலையைச் செய்யும் மெத்தில்ஐசோதயசோலினோனுக்கு மாறினார்கள். அதனால் தோல் ஒவ்வாமை பெருகி, கழுவாமல் விடும் பூச்சுகளில் அதை 2016-இல் ஐரோப்பிய ஒன்றியமே தடை செய்ய நேர்ந்தது. அச்சத்தில் எடுத்த முடிவு, தெரிந்த பேயை விரட்டித் தெரியாத பேயைக் குடியேற்றிய கதையாயிற்று.

கண்ணாடிக்குடுவை:
மாற்றுப்பொருளைச் சரிவரச் சோதிக்காதது யார் குற்றம்? தென்கொரியாவில் ஈரப்பதமூட்டியின் தண்ணீர்த் தொட்டியில் கிருமி சேராதிருக்க ஒரு திரவத்தை ஊற்றினார்கள். கருவி அதை நுண்துளிகளாக்கி, மூடிய அறையில் உறங்கியவர்களின் நுரையீரலுக்குள் இரவெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தது. 1994 முதல் விற்கப்பட்ட இவ்வகைத் திரவங்களைப் பலர் மாண்டபின், 2011-இல்தான் திரும்பப் பெற்றார்கள்.

அளவுகோல்:
இது என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. தோலில் படும்போது அவ்வளவாகத் தீங்கு செய்யாது எனக் கருதப்பட்ட பொருள்தான் மூச்சுவழி சென்றபோது உயிரைக் குடித்தது. எவ்வழியில், எவ்வளவு, எத்தனை நாள் என்று கேட்காத தடைப் பட்டியல் எதற்கு உதவும்?

கண்ணாடிக்குடுவை:
கேளுங்கள், ஆனால் விற்பனைக்கு முன் கேளுங்கள். நான் சொல்வது அவ்வளவுதான்.

ஓரப்பார்வை:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். கழிப்பறையைக் கழுவும் அமிலத் திரவமும் வெளுப்பானும் தனித்தனியே உங்கள் சோதனைகள் எல்லாவற்றிலும் தேறிவிடும். பளிச்சென்று இருக்கட்டும் என ஒருவர் இரண்டையும் ஒன்றாக ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். கலக்கக் கூடாது என்ற எச்சரிக்கை புட்டியின் பின்புறம் பொடி எழுத்தில் இருக்கிறது. இதற்கு உங்கள் இருவரிடமும் என்ன விடை?

அளவுகோல்:
பொருளைத் தனியாக வைத்தே அளவு பேசிவந்தேன். பயன்படுத்துபவரின் கை என் கணக்கில் விடுபட்டது உண்மைதான். அந்த எச்சரிக்கை முன்பக்கம், பெயருக்கு அருகில் வர வேண்டும்.