புதுப்பிப்பு: 77-ஆவது நிமிடத்துக்கு அப்புறம் நடந்தது
இங்கிலாந்தின் லிவர்பூல் கால்பந்து அணியின் ரசிகர்கள் 2016 பிப்ரவரியில் சண்டர்லாந்துடனான ஆட்டத்தில் 77-ஆவது நிமிடத்தில் எழுந்து வெளியேறியதை முன்பு எழுதியிருந்தேன், மைதானத்தின் புது மெயின் ஸ்டாண்டில் (முதன்மைப் பார்வையாளர் பகுதி) 77 பவுண்டு டிக்கெட், சீசன் டிக்கெட்டே ஆயிரம் பவுண்டைத் தாண்டும் என்று அறிவித்ததால் வந்த கோபம் அது. அப்புறம் என்ன ஆச்சு என்று பலர் கேட்டதால் இது.

நாலே நாளில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு, உச்ச விலையைப் பழைய 59 பவுண்டிலேயே நிறுத்திவிட்டார்கள். (கூட்டம் கிளம்பும்போது லிவர்பூல் 2-0 என முன்னிலை, முடிவில் 2-2. பாவம்!) அடுத்த மாதமே இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கான பிரீமியர் லீக், எதிரணியின் மைதானத்துக்குப் போய்ப் பார்க்கும் ரசிகர்களுக்கான டிக்கெட்டுக்கு 30 பவுண்டு உச்சவரம்பு வைத்தது, ஆனால் அதை இந்த ஒரு வெளிநடப்பின் கணக்கில் எழுத முடியாது, ரசிகர் சங்கங்கள் பல வருடமாகக் கேட்டுவந்தது அது. இருக்கை விஷயத்தில், 2021-இல் லிவர்பூல் மைதானத்தின் கோப் என்ற ரசிகர் பகுதியில், பாதுகாப்பாக நின்று பார்க்க உதவும் கம்பித் தடுப்புள்ள இருக்கைகள் வந்தன. எனக்கு அது சரியான மாற்றம்தான், அங்கே எப்படியும் பாதிப் பேர் உட்காருவதில்லை.